காதல் நாவல் நாயகர்களும் நிஜப் பிரபலங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதல் நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் "இந்த நாயகன் அந்த நடிகர்தானே?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. எழுதுபவர்களுக்கும் இதே விஷயத்தில் வேறு சந்தேகங்கள் உண்டு: ஒரு நட்சத்திரத்தை மனதில் வைத்து எழுதலாமா, எது வரைக்கும் போகலாம், வழக்கு வருமா? வாசகர்கள், எழுதத் தொடங்கியிருப்பவர்கள் என இரு தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

காதல் நாவல் எழுதுபவர்கள் உண்மையாகவே பிரபலங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்களா?

எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள். பலர் அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறார்கள். 1991-ல் வெளியான 'அவுட்லேண்டர்' நாவலை எழுதிய டயானா கபால்டன் நல்ல உதாரணம். 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் பழைய கதை ஒன்றை மறு ஒளிபரப்பில் பார்த்தபோது, கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடை) அணிந்த ஜேமி என்ற ஸ்காட்லாந்து இளைஞன் அவர் மனதில் தங்கிவிட்டான். அந்த வேடத்தில் நடித்தவர் ஃப்ரேசர் ஹைன்ஸ். அந்தக் கில்ட்தான் தன்னைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போனது என்று கபால்டன் பல முறை சொல்லியிருக்கிறார். நாயகனுக்கும் ஜேமி என்றே பெயர் வைத்தார். பின்னாளில் நாவல் தொலைக்காட்சித் தொடரானபோது, ஃப்ரேசர் ஹைன்ஸே முதல் பருவத்தில் ஒரு சிறைத் தலைவர் வேடத்தில் வந்து போனார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கபால்டனின் ஜேமிக்கும் தொலைக்காட்சி ஜேமிக்கும் பெயர், உடை, காலம் தவிரப் பெரிய ஒற்றுமை கிடையாது. கிடைத்தது ஒரு பொறி மட்டுமே. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு வளர்ந்த மனிதன் முழுக்க அவர் உருவாக்கியவன். பெரும்பாலான நல்ல நாவல்களில் இப்படித்தான் நடக்கிறது.

இது சமூக ஊடகக் காலத்துப் பழக்கமா?

இல்லவே இல்லை. 1649 முதல் 1653 வரை பிரான்சில் மதலேன் த ஸ்க்யுதேரி எழுதிய பத்துத் தொகுதிக் காதல் காவியத்தில், பழைய பாரசீக மன்னன் சைரஸ் வேடத்தில் வந்தவர் அன்றைய புகழ்பெற்ற படைத்தளபதி கோந்தே இளவரசர். வேறு பல பாத்திரங்களும் பாரீஸ் வரவேற்பறைகளில் அன்றாடம் தென்பட்ட முகங்களே. எந்தப் பாத்திரம் யார் என்று சொல்லும் பட்டியல்கள் வாசகர்கள் கையில் சுற்றின. இங்கிலாந்தில் டெலரிவியர் மேன்லி 1709-ல் அரசியல் புள்ளிகளின் அந்தரங்கங்களைப் புனைபெயர்களுக்குள் வைத்து ஒரு நூல் எழுதினார். அதற்காகக் கைது செய்யப்பட்டு, பிறகு தண்டனை இல்லாமல் விடுவிக்கப்பட்டார்.

இன்று இணையத்தில் 'யார் இவர்?' என்று நடக்கும் துப்பறியும் வேலைக்கு ஏறத்தாழ நானூறு வயதாகிறது.

நிஜப் பிரபலம் ஒருவர் காதல் நாயகனான மிகப் பெரிய உதாரணம் எது?

சந்தேகமே இல்லாமல் கவிஞர் பைரன் பிரபு. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய காதல் நாவல்களில் வரும் 'ஆபத்தான, காயம்பட்ட, ஆனால் விலக முடியாத' நாயகனின் வம்சாவளி இங்கேதான் தொடங்குகிறது.

1812 மார்ச்சில் அவருடைய நெடுங்கவிதையின் முதல் பகுதிகள் வந்ததும் பைரன் லண்டனின் நட்சத்திரமானார். அதே ஆண்டு கரோலின் லாம்ப் என்ற மணமான பெண்ணுக்கும் அவருக்கும் காதல் ஏற்பட்டது. கரோலினின் கணவர் வில்லியம் லாம்ப் பின்னாளில் பிரிட்டன் பிரதமரானவர். சில மாதங்களில் பைரன் விலகிக்கொண்டார். கரோலினால் விலக முடியவில்லை. 1816-ல், பைரன் இங்கிலாந்தை விட்டு நிரந்தரமாக வெளியேறிய சில வாரங்களில், 'க்ளெனார்வன்' என்ற நாவலைத் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். அதன் நாயகன் ரூத்வென், க்ளெனார்வன் பிரபு: அழகன், கொடியவன், பெண்களின் வாழ்வைச் சிதைப்பவன். அது யாரென்று ஊருக்கே தெரிந்தது. பைரன் தனக்கு எழுதிய பிரிவுக் கடிதத்தின் ஒரு வடிவத்தைக்கூட அவர் நாவலுக்குள் வைத்திருந்தார். புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் அதில் கேலிக்கு ஆளான மேட்டுக்குடிப் பெண்கள் மன்னிக்கவில்லை. லண்டனின் உயர்குடி நடன அரங்கின் கதவு கரோலினுக்கு மூடப்பட்டது. பைரனோ, அந்தச் சித்திரம் நன்றாக அமைந்திருக்க முடியாது, நான் அதிக நேரம் அதற்காக உட்காரவில்லையே என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய விஷயமாகப் படுகிறது. பைரனிடம் மருத்துவராக இருந்த ஜான் பாலிடோரி எழுதிய வாம்பயர் கதை 1819-ல் வந்தது. அதன் ரத்தக் காட்டேரிப் பிரபுவின் பெயரும் ரூத்வென்! கரோலின் கொடுத்த பெயர் அப்படியே அங்கே போய்விட்டது. அழகும் ஆபத்தும் கலந்த பிரபுவாக ஒரு வாம்பயர் நிற்கும் வழக்கம் அங்கிருந்து தொடங்குகிறது. இன்னொரு பக்கம், பைரனைப் படித்து வளர்ந்த பிரான்டே சகோதரிகள் 1847-ல் ரோசெஸ்டரையும் ஹீத்கிளிஃபையும் எழுதினார்கள். ஆக, ஒரு பிரபலத்தின் நிழல் முதலில் ஒரு கோபக்காரக் காதலியின் நாவலிலும், பிறகு இரண்டு தலைமுறை எழுத்திலும் படிந்து, கடைசியில் யாருடையது என்றே தெரியாத பொதுச் சொத்தாகிவிட்டது. இன்று வாம்பயர் காதல் கதை எழுதும் ஒரு பெண்ணுக்குப் பைரன் பெயர் தெரியாமலே இருக்கலாம், ஆனால் அவள் நாயகன் அறைக்குள் நுழையும் விதத்தில் பைரன் இருக்கிறார்.

ஒரு பாத்திரம் என்றால் ஒரே ஒரு பிரபலம்தானா?

பெரும்பாலும் கலவைதான். டெய்லர் ஜென்கின்ஸ் ரீடின் ஈவ்லின் ஹ்யூகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த இந்த நாவலின் நாயகி ஏழு பேரை மணந்த ஹாலிவுட் நடிகை. நடிகை எலிசபெத் டெய்லர் ஏழு ஆண்களை எட்டு முறை மணந்தவர் (ரிச்சர்ட் பர்ட்டனை மட்டும் இரண்டு முறை), அதனால் வாசகர்கள் நேராக அவரைத்தான் சொல்வார்கள். ஆனால் ரீட் வேறு இரு நடிகைகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். ஒருவர் ஆவா கார்ட்னர். கடைசிக் காலத்தில் ஒரு பத்திரிகையாளரிடம் தன் வாழ்க்கையை மனம் திறந்து சொன்னவர், அந்த உரையாடல்கள் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 2013-ல்தான் நூலாயின. மூத்த நடிகை ஒருத்தி ஒரு பத்திரிகையாளரிடம் கதை சொல்வது என்ற நாவலின் கட்டுமானம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. இன்னொருவர் ரீட்டா ஹேவொர்த். மார்கரீட்டா கன்சீனோ என்ற ஸ்பானிய வம்சாவளிப் பெண்ணின் பெயரையும் தலைமுடியையும் நெற்றிக் கோட்டையும்கூட மாற்றி நட்சத்திரமாக்கினார்கள். கியூபா வம்சாவளியில் பிறந்த ஈவ்லின் தன் பெயரையும் முடி நிறத்தையும் மாற்றிக்கொள்வது அங்கிருந்து வருகிறது.

பழைய உதாரணம் இன்னும் துல்லியமானது. ஜெர்மன் எழுத்தாளர் கெதே 1774-ல் எழுதிய வெர்தர் நாவலின் லோட்டே, அவர் காதலித்த ஷார்லட் பஃப் என்பது தெரிந்த கதை. ஆனால் ஷார்லட்டின் கண்கள் நீலம், நாவலில் வரும் லோட்டேயின் கண்கள் கறுப்பு. அந்தக் கண்கள் மாக்ஸிமிலியானே என்ற இன்னொரு பெண்ணுடையவை. நாவலின் முடிவில் வரும் தற்கொலை மூன்றாவது ஒருவருக்கு நடந்தது: கெதேவுக்குப் பழக்கமான யெருசலேம் என்ற இளைஞர் 1772-ல் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

கண் ஒருவரிடமிருந்து, குரல் ஒருவரிடமிருந்து, துயரம் இன்னொருவரிடமிருந்து. எழுதுபவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அப்படியென்றால் பிரபலத்திடமிருந்து எழுத்தாளர் உண்மையில் எடுப்பது என்ன? முகமா?

முகம் எளிதில் கிடைக்கும், எளிதில் தீர்ந்தும் போகும். நல்ல எழுத்தாளர் எடுப்பது ஒரு கேள்வியை என்பது என் கருத்து. நாம் எல்லோரும் பார்த்த, ஆனால் யாருக்கும் விடை தெரியாத ஒரு கணம் அந்தப் பிரபலத்தின் வாழ்க்கையில் இருக்கும். நாவல் அந்த இடத்துக்குள் நுழைகிறது.

இதற்கும் ரீட்தான் நல்ல உதாரணம். அவருடைய 'டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்' (2019) ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவிலிருந்து வந்தது. அந்தக் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸும் கிதார் கலைஞர் லிண்ட்சே பக்கிங்ஹாமும் காதலர்களாக இருந்து பிரிந்தவர்கள். பிரிந்துகொண்டிருந்த நேரத்திலேயே 1977-ல் வந்த அவர்களின் மிகப் பெரிய ஆல்பம் உருவானது. அதே குழுவில் இருந்த இன்னொரு தம்பதியும் அப்போது பிரிந்துகொண்டிருந்தது. இருபது வருடம் கழித்து, 1997-ல், குழு மறுபடி கூடிய நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்தது. ஸ்டீவி பாட, லிண்ட்சே அவரைப் பார்த்த பார்வை சிறுமியாக இருந்த ரீடின் மனதில் பதிந்துவிட்டது. இவர்களுக்குள் இன்னும் காதல் இருக்கிறதா, இல்லை மேடைக்காக அப்படிப் பார்க்கிறார்களா? அந்தக் கேள்விக்கு நிஜ மனிதர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல. நாவலாசிரியர் தன் சொந்த மனிதர்களை வைத்துத் தன் பதிலை எழுதிக்கொண்டார்.

இப்படி எழுதும்போது யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. மேடையில் எல்லோர் முன்னாலும் நடந்த ஒரு பார்வைதான் மூலதனம். படுக்கையறையும் மருத்துவமனைக் குறிப்பும் அதில் இல்லை.

ரசிகர் புனைவாக எழுதி, பெயர் மாற்றிப் புத்தகமாவது பற்றிச் சொல்லுங்கள்.

ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதையையோ நட்சத்திரத்தையோ வைத்து இணையத்தில் எழுதும் கதைதான் ரசிகர் புனைவு. அது புத்தகமாவது கடந்த பதினைந்து வருடங்களில் பெரிதாக வளர்ந்த வழி. ஆனா டாட் 2013-ல் வாட்பேட் தளத்தில் 'ஆஃப்டர்' கதையைத் தொடராக எழுதினார். நாயகன் ஒன் டைரக்‌ஷன் இசைக்குழுவின் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ், அதே பெயரில். மற்ற குழுவினரும் நண்பர்களாக வந்தார்கள். கதை நூறு கோடி முறைக்கும் மேல் வாசிக்கப்பட்டது. 2014-ல் பதிப்பகம் புத்தகமாக்கியபோது ஹாரி ஸ்டைல்ஸ் ஹார்டின் ஸ்காட் ஆனார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டு பெயருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. 2019-ல் திரைப்படமும் வந்தது. முரட்டுத்தனமும் கொடுமையும் கொண்ட ஒருவனாகத் தங்கள் பாடகரைக் காட்டியது அந்தக் குழுவின் ரசிகர்கள் பலருக்குக் கோபத்தை உண்டாக்கியது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எல்லா ரசிகர் புனைவும் நிஜ மனிதர்களைப் பற்றியதல்ல. 2011-ல் வந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ்' ஒரு வாம்பயர் நாவல் தொடரின் பாத்திரங்களை வைத்து இணையத்தில் எழுதப்பட்டது, அதாவது கற்பனையிலிருந்து பிறந்த கற்பனை. அலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைப்பாதெசிஸ்' (2021) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது 'ஸ்டார் வார்ஸ்' பாத்திரங்கள் இருவரை ஜோடி சேர்த்து எழுதிய கதையாகத் தொடங்கியது. நாயகனுக்கு ஆடம் என்று பெயர் வந்தது, அந்தப் படங்களில் நடித்த ஆடம் டிரைவரை நினைத்து. அட்டைப்பட ஓவியத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தளங்களின் விதிகளும் வேறுபடும். நிஜ மனிதர்களைப் பற்றிய கதைகளை ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் அனுமதிப்பதில்லை. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் அனுமதிக்கிறது. எழுதிப் போடும் முன் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் வழக்கு வராதா?

வரலாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நிலைமைக்கு ஒரு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் மூன்று வழக்குகளைத் தெரிந்துவைத்திருப்பது எழுதும் எல்லோருக்கும் நல்லது.

முதலாவது, யாரையும் நினைக்காமல் எழுதியும் மாட்டிக்கொண்டது. 1908-ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகை, தேவாலயப் பொறுப்பில் உள்ள ஒரு மனிதர் வெளியூரில் மனைவியல்லாத பெண்ணுடன் உல்லாசமாக இருப்பதாக ஒரு கற்பனைச் சித்திரம் வெளியிட்டது. கற்பனைப் பாத்திரத்துக்கு வைத்த பெயர் ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ். அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். படித்தவர்கள் அவரென்றே நினைத்ததாகச் சாட்சி சொன்னார்கள். 1,750 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. மேல்முறையீட்டில் பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது.

இரண்டாவது, தோற்றத்தை மாற்றியும் மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1971-ல் வந்த ஒரு நாவலில், நிர்வாணக் குழுச் சிகிச்சை நடத்தும் மனநல மருத்துவர் வருகிறார். எழுத்தாளர் அப்படிப்பட்ட நிஜ அமர்வு ஒன்றில், அதைப் பற்றி எழுத மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலந்துகொண்டிருந்தார். நாவலில் மருத்துவருக்குப் பெயர், முடி, உருவம் எல்லாம் வேறு. இருந்தாலும் அமர்வில் நடந்தவற்றின் ஒலிப்பதிவும் நாவலின் காட்சிகளும் ஒத்துப்போனதால், இது அந்த அமர்வை நடத்திய நிஜ மனிதர்தான் என்று அடையாளம் காண முடியும் என 1979-ல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

மூன்றாவது நேராக ஒரு காதல் நாவல். பிரெஞ்சு எழுத்தாளர் கிரெகுவார் தெலாகூர் 2013-ல் எழுதிய நாவலில், ஒரு இளம் மெக்கானிக்கின் வீட்டு வாசலில் ஸ்கார்லெட் ஜொஹான்சன் வந்து நிற்கிறார். உண்மையில் அவர் நடிகையைப் போலவே இருக்கும் வேறொரு பெண், தன் முகத்தாலேயே சிறைப்பட்ட ஒருத்தி. எழுத்தாளர் அதை நடிகைக்குச் செய்த மரியாதையாகவே நினைத்தார். ஆனால் நாவல் போகிற போக்கில் நிஜ நடிகைக்கு இரண்டு இல்லாத காதல் தொடர்புகளைச் சேர்த்திருந்தது. அவர் வழக்குப் போட்டார். 50,000 யூரோ கேட்டதற்கு 2014-ல் பாரீஸ் நீதிமன்றம் 2,500 யூரோ கொடுத்தது. மொழிபெயர்ப்பையும் திரைப்படமாக்குவதையும் தடுக்கக் கேட்டதை ஏற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இதைவிடச் சரியான தீர்ப்பு கிடையாது. நாவல் வாழட்டும். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு இல்லாத உறவைக் கட்டிவிட யாருக்கும் உரிமை இல்லை.

'கதையில் வருபவை அனைத்தும் கற்பனையே' என்று முன்பக்கத்தில் போட்டால்?

போடுவது வழக்கம், போடுங்கள். அது ஒரு கவசம் என்று மட்டும் நம்பாதீர்கள். அந்த வாசகம் திரைப்படங்களில் பரவியதற்கே ஒரு படநிறுவனம் தோற்றுப்போன வழக்குதான் காரணம். ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமாக இருந்த சாமியார் ரஸ்புடினைப் பற்றி ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் 1932-ல் எடுத்த படத்தில் அவனிடம் கெடுக்கப்படுபவளாக ஒரு இளவரசி வந்தாள். பெயர் வேறு. ஆனாலும் ரஷ்ய இளவரசி இரீனா யூசுபோவ் தன்னைத்தான் குறிக்கிறது என்று லண்டனில் வழக்குத் தொடுத்து, 1934-ல் 25,000 பவுண்டு வென்றார். அதன் பிறகுதான் படங்களில் இந்த அறிவிப்பு வழக்கமானது. யாரைச் சொல்கிறீர்கள் என்று வாசகருக்குத் தெளிவாகத் தெரியும்போது ஒரு வரி அறிவிப்பு அதை மறைக்காது.

இறந்துபோன பிரபலத்தைப் பற்றி எழுதினால் சிக்கல் இல்லைதானே?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. அதனால் சட்டச் சிக்கல் குறைவு. ஆனால் இந்தக் கேள்வியை நான் சட்டத்தோடு நிறுத்த மாட்டேன்.

மாரி டுப்ளெசியை நினைத்துப் பாருங்கள். பாரீஸின் புகழ்பெற்ற ஆசைநாயகி, இசைமேதை லிஸ்ட் உட்படப் பலருக்குக் காதலி, காசநோயால் 1847 பிப்ரவரியில் 23 வயதில் இறந்தார். அவருடைய முன்னாள் காதலர் அலெக்சாந்தர் துய்மா (மகன்) அடுத்த ஆண்டே அவரை மார்கரீத் கோத்தியே என்ற நாயகியாக்கினார். 'கமேலியாப் பூக்காரி' நாவலும், பிறகு நாடகமும், 1853-ல் வெர்தியின் 'லா டிராவியாட்டா' இசை நாடகமும் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. நாவலில் அவள் காதலனின் நலனுக்காகத் தன் காதலைத் தியாகம் செய்கிறாள். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. உறவை முறித்துக் கடிதம் எழுதியவர் துய்மாதான்.

அந்த நாவலைப் படிக்கும்போது கண்ணீர் வருகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கிராமத்தில் வறுமையில் பிறந்து, தானாகப் படிக்கக் கற்று, சொந்தமாக நூலகம் வைத்திருந்த அந்தப் பெண் தன் கதையைத் தானே சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கமும் கூடவே வருகிறது. இறந்தவரால் பதில் சொல்ல முடியாது என்பதாலேயே எழுதுபவருக்குப் பொறுப்பு கூடுகிறது.

ஒரு பாத்திரத்துக்குப் பின்னால் இருப்பவர் யாரென்ற ஊகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்தாளரே சொன்னது முதல் சான்று. அடுத்தது காலம். நாவல் எழுதத் தொடங்கியபோது அந்தப் பிரபலம் பிரபலமாகவே இல்லை என்றால் ஊகம் அங்கேயே விழுந்துவிடும். மூன்றாவது, பொதுவில் நடந்த ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி நாவலில் இருப்பது. சமர்ப்பணமும் உதவும்: நான்சி மிட்ஃபோர்ட் 1945-ல் எழுதிய காதல் நாவலில் வரும் பிரெஞ்சுக் காதலன், பிரெஞ்சுத் தலைவர் தெ கோலின் வலது கரமாக இருந்த காஸ்தோன் பலேவ்ஸ்கி. நாவலே அவருக்குத்தான் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. உயரம், பச்சைக் கண், சுருள் முடி, பச்சை குத்திய கை இதெல்லாம் சான்றே அல்ல. ஆயிரம் நாயகர்களுக்கு இவை இருக்கின்றன.

ஒரு சின்னக் குறிப்பு மொத்தத்தையும் மாற்றிவிடும் என்பதற்குத் தமிழில் அற்புதமான சான்று உண்டு. அகப்பாடலில் தலைவனின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்'. காதல் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதற்கான ஏற்பாடு அது. நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடைக் காலத்து நள்ளிரவில் அரசி பிரிவால் வாடுகிறாள், அரசன் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துவருகிறான். 188 அடிகளில் எங்கேயும் பெயர் இல்லை. ஆனால் ஒரு வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு பூவை வைத்தே உரையாசிரியர் நச்சினார்க்கினியர், தலைவன் இன்னார் என்று சுட்டப்பட்டுவிட்டதால் இது அகம் ஆகாது, புறம் என்று முடிவு கட்டினார். பெயரை மாற்றினால் போதுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

எழுத்தாளர் 'இது அவரில்லை' என்று மறுத்தால் நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ராபின் லீ எழுதிய 'தி ஐடியா ஆஃப் யூ' (2017) நாவலின் இளம் பாடகன் ஹேய்ஸ் காம்ப்பெல் ஹாரி ஸ்டைல்ஸ்தான் என்று இணையம் முடிவுகட்டிவிட்டது. லீயோ, அதை ஒரே ஒருவரைப் பற்றிய நாவலாகத் தான் நினைக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். பலரின் சாயல் அவனில் உண்டு, தன் கணவரின் சாயல் உட்பட. அந்த நாவல் உண்மையில் நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணின் ஆசையையும், அவளை உலகம் நடத்தும் விதத்தையும் பற்றியது. பேச்சு முழுக்கப் பாடகன் யாரென்பதிலேயே போனால் அவள் காணாமல் போய்விடுகிறாள். ஊகத்தில் இருக்கும் பெரிய இழப்பு அதுதான்.

படம் வந்த பிறகு நடிகரின் முகம்தான் தெரிகிறது. எழுதியவரின் நாயகன் எங்கே?

அவனும் புத்தகத்துக்குள் இருக்கிறான், நாம்தான் மறந்துவிடுகிறோம். இது எதிர்த்திசைப் பயணம்: 1919-ல் இ. எம். ஹல் எழுதிய பாலைவனக் காதல் நாவலின் ஷேக், 1921-ல் படம் வந்ததும் ருடால்ஃப் வாலண்டினோவாகவே மாறிவிட்டான். படம் பார்க்கும் முன்பே நாவலைப் படித்துவிடுவது நல்லது.

ஒரு நட்சத்திரத்தை முன்வைத்து நானும் எழுத ஆசைப்படுகிறேன். எப்படித் தொடங்குவது?

முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: அவரிடம் உங்களை இழுப்பது எது? 'அழகாக இருக்கிறார்' என்று வந்தால் இன்னும் யோசியுங்கள். 'இவ்வளவு பேர் நடுவிலும் தனியாக இருப்பவர் போலத் தெரிகிறார், ஏன்?' என்று வந்தால் நாவல் தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். பாடகரை மருத்துவராக்குங்கள், காலத்தை மாற்றுங்கள், ஆணைப் பெண்ணாக்குங்கள். இந்த மாற்றங்களுக்குப் பிறகும் கேள்வி உயிரோடு இருந்தால் அது உங்களுடையது. செத்துப்போனால் உங்களிடம் இருந்தது ஒரு புகைப்படம் மட்டுமே.

அப்புறம், உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரின் சிறு பழக்கங்களைச் சேருங்கள். கோபம் வந்தால் பாத்திரம் கழுவுகிறவர், பொய் சொல்லும்போது அதிகமாகச் சிரிக்கிறவர். பேட்டிகளில் இப்படிப்பட்டவை கிடைக்காது. பேட்டி என்பதே தயார் செய்யப்பட்ட முகம். எழுதத் தொடங்கியதும் அந்த நட்சத்திரத்தின் பேட்டிகளையும் படங்களையும் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பாத்திரம் உங்கள் பேச்சைக் கேட்காமல் திரையில் இருப்பவரின் பேச்சையே கேட்கும்.

சிலவற்றைத் தொடவே வேண்டாம்: அவருடைய குழந்தைகள், நோய்கள், வதந்தியாக உலவும் உறவுகள், கசிந்த கடிதங்கள். எழுதி முடித்ததும் அந்த நட்சத்திரத்தின் தீவிர ரசிகர் ஒருவரிடம் யாரென்று சொல்லாமல் படிக்கக் கொடுங்கள். சட்டென்று கண்டுபிடித்தால், எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். முடி நிறத்தை மாற்றுவதால் பயனில்லை, அவரைக் காட்டிக்கொடுத்த நிகழ்ச்சியை மாற்ற வேண்டும்.

எழுதிய நாவலை அந்த நட்சத்திரத்துக்கே அனுப்பி வைக்கலாமா?

வேண்டாம். பல நட்சத்திரங்களின் மேலாளர்கள், கேட்காமல் வரும் கதைகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவார்கள். நாளை 'என் கதையைத் திருடிவிட்டார்கள்' என்று யாரும் சொல்லக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. அதோடு, முன்பின் தெரியாத ஒருவர் தன்னை வைத்து எழுதிய காதல் காட்சிகளைப் படிக்கும் சங்கடத்தை அவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வாசகர்களிடம் கொடுங்கள்.